விதையும் வயலும்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பத்திரிகையில் நான் ஒரு சிறுகதை எழுதியிருந்தேன். பிள்ளை இல்லாத ஒரு பெண்ணின் கதை. அவள் அரசமரத்தைச் சுற்றுகிறாள்; நாகப் பிரதிஷ்டை செய்கிறாள்; வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறாள். மாமியார் மகனுக்கு இரண்டாம் தாரம் பார்க்கத் தொடங்குகிறாள். கணவன் உத்தமன். "எனக்கு நீ போதும்" என்று சொல்லிவிடுகிறான். கடைசியில் அந்தப் பெண் அடுத்த வீட்டுக் குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை. நன்றாக இருக்கிறதென்று பலர் சொன்னார்கள். கடிதங்கள் வந்தன. அவற்றில் 'கண்ணீர் விட்டேன்' என்று எழுதாதவர்கள் குறைவு. எழுத்தாளனுக்கு வாசகரின் கண்ணீரைப் போல் ருசியான பண்டம் வேறு கிடையாது. நானும் வேண்டிய மட்டும் ருசித்தேன்.

வலங்கைமானிலிருந்து வந்த ஒரு கடிதத்தில் மட்டும் கண்ணீர் இல்லை. எழுதியவர் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. கோடு போட்ட தாளில், பள்ளிக்கூடத்து மணிமணியான எழுத்தில் எழுதியிருந்தார். விஷயம் இதுதான்:

'எங்கள் ஊரில் விதை விடுகிறவர்கள் முதலில் விதையைத்தான் பார்ப்பார்கள். தண்ணீரில் உப்பைக் கரைத்து, முட்டை மிதக்கிற பதத்துக்கு வந்ததும் நெல்லைக் கொட்டுவார்கள். பதர் மேலே வரும். அதை அள்ளி எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் அலசி எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் மேலே சந்தேகம் இருந்தால், நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் முடிந்து வைத்து, எத்தனை முளை கட்டியது என்று பார்ப்பார்கள். விதையைச் சோதிக்காமல் நாற்றங்காலை வைகிற குடியானவனை நான் பார்த்ததில்லை. உங்கள் கதையில் வருகிற அந்த உத்தமர் ஒரு நாளாவது டாக்டரிடம் போனாரா? போயிருந்தால் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிவித்தால் நல்லது. எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. தவறவிட்டிருப்பேன்.'

எந்தப் பக்கத்திலும் இல்லை. அது அந்த அம்மாளுக்கும் தெரியும். கண் நன்றாகத் தெரிந்ததனால்தான் கடிதமே எழுதியிருக்கிறார்.

கடிதம் என்னைத் தைத்தது. தைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், தப்பு என்னுடையது மட்டும்தானா, எல்லோரும் சேர்ந்து செய்ததா என்று பார்க்க ஆசைப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன், பக்கத்து பெஞ்சுக்காரனும் காப்பியடித்தானா என்று பார்ப்பது போலத்தான். அலமாரியில் இருந்த புத்தகங்களை எடுத்து, பிள்ளையில்லாத் தம்பதிகள் வருகிற கதைகளை வரிசையாகப் படித்தேன்.

பழைய கதைகளிலிருந்து தொடங்கினேன். இதிகாச காலத்தவர்கள் நம்மைவிடத் தைரியசாலிகள். தசரதனுக்கு மூன்று பட்ட மகிஷிகள் இருந்தும் பிள்ளையில்லை. யாகம் செய்தவன் தசரதன். பாயசம் குடித்தவர்கள்தான் ராணிகள். குறை எங்கே இருந்தது என்று கதை சொல்லாமல் சொல்கிறது. விசித்திரவீரியன் சந்ததியில்லாமல் போய்ச் சேர்ந்தபோது, அம்பிகையையும் அம்பாலிகையையும் மலடி என்று யாரும் வையவில்லை. வியாசரை அழைத்து வந்தார்கள். பாண்டுவோ, தன்னால் ஆகாது என்று தானே குந்தியிடம் சொல்லி, வழி தேடச் சொன்னான். அந்த ஏற்பாடுகள் நமக்குச் சம்மதமா இல்லையா என்பது வேறு கேள்வி. குறை ஆணிடத்திலும் இருக்கலாம் என்பதை அந்தக் கதைகள் ஒளித்து வைக்கவில்லை என்பதுதான் நான் கவனித்தது.

நம் பழமொழிகளுக்கு வரும்போது கதை மாறிவிடுகிறது. 'அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்' என்று ஒன்று. 'அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாளாம்' என்று ஒன்று. அங்கே அரசன் என்பது அரசமரம். இரண்டிலும் சிரிப்புக்கு இடமாகிறவள் பெண்தான். சுற்றுகிறவளும் அவள், தொட்டுப் பார்க்கிறவளும் அவள். மரத்தடியில் புருஷனின் நிழல் கூடக் காணோம். நம் சிறுகதைகளும் நாவல்களும் பழமொழியின் வழியில் போயினவே தவிர இதிகாசத்தின் வழியில் போகவில்லை.

ஆனால் பெரிய எழுத்தாளர்கள் விஷயம் அப்படியல்ல. அவர்கள் ரகசியத்தை அறிந்தவர்கள். இரண்டு நாவல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வலங்கைமானைத் தாண்டி அதே சாலையில் போனால் மன்னார்குடி. அந்தப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்தவர் தி. ஜானகிராமன். அவருடைய கடைசி நாவல் 'நளபாகம்'. யாத்திரை ரயிலில் சமையல் செய்கிற காமேச்வரன், அதே ரயிலில் யாத்திரை போகிற ரங்கமணி, ஜாதகம் பார்க்கிற ஜோசியர் என்று கதை தொடங்குகிறது. ரங்கமணியின் வீட்டில் சுவீகாரம் எடுத்துத்தான் வம்சம் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது மருமகள் பங்கஜத்துக்கும் பிள்ளையில்லை. ஜாதகக் கட்டங்களுக்கு நடுவே ஒரு ஐயம் எழுகிறது. ரங்கமணியின் மனத்தில் ஓர் எண்ணம் விழுகிறது. சமையற்காரன் வீட்டுக்கு வருகிறான். முடிவை நான் சொல்லப்போவதில்லை. படித்துக்கொள்ளுங்கள். ரங்கமணியின் எண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? தன் பிள்ளையிடத்தில் குறை இருக்கலாம் என்கிற சந்தேகம். அதை ஒரு வைத்தியனிடம் கேட்டால் அரைமணி நேரத்தில் தெரிந்திருக்கும். ஜானகிராமன் அந்த அரைமணி நேரத்தை ஒரு நாவலாக நீட்டியிருக்கிறார். ஜாதகமும் அம்பாள் உபாசனையும் சமையல் வாசனையும் அந்தச் சந்தேகத்தின் மேல் போர்த்திய பட்டுகள். போர்வை அழகானதுதான். ஆனால் அவருடைய மற்ற நாவல்களில் ஆண் பெண் விவகாரங்களைப் பளிச்சென்று விளக்குப் போட்டுக் காட்டியவர், இந்த இடத்தில் மட்டும் திரியைக் குறைத்துவிட்டாரே என்று எனக்கு ஒரு குறை.

இரண்டாவது, பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்'. 2010ல் வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காளியும் பொன்னாவும் பன்னிரண்டு வருஷம் பிள்ளையில்லாமல் படுகிற பாடு. மலையுச்சியில் வறடிக்கல்லைச் சுற்றுகிறவள் பொன்னாதான். தேர்த் திருவிழாவின் பதினாலாம் நாளில், பெயர் தெரியாத ஒருவனைச் சாமியாக நினைத்து ஏற்றுக்கொண்டால் பிள்ளை கிடைக்கும் என்று அவளுடைய உறவினர்கள் தீர்மானிக்கிறார்கள். 2014ன் கடைசியில் இந்த நாவலை எதிர்த்துக் கிளம்பிய கலவரம் உங்களுக்கு நினைவிருக்கும். 2015 ஜனவரியில் அந்த எழுத்தாளர் தமக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாகவே அறிவித்தார். 2016 ஜூலை 5ந் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஒன்றரை வருஷத்தில் ஊரின் மானத்தைப் பற்றி எத்தனையோ பேர் பேசினார்கள். பன்னிரண்டு வருஷமாக விசேஷ வீடுகளில் பின்வரிசையில் நின்ற பொன்னாவின் மானத்தைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

யோசித்துப் பாருங்கள். பிள்ளை வேண்டி மனைவியைத் திருவிழாவுக்கு அனுப்புகிற வழக்கம் எதை ஒப்புக்கொள்கிறது? வயல் நன்றாகத்தான் இருக்கிறது, விதைதான் பழுது என்பதை. அந்தச் சமூகம் உண்மையை அறிந்துதான் இருந்தது. பகலில் அவளை 'வறடி' என்று வைதது. இரவில் குறை இவனுடையது என்று ஒப்புக்கொண்டு வேறு ஏற்பாடு செய்தது. பழி பெண்ணுக்குப் பகிரங்கமாக, பரிகாரம் ஆணுக்கு அந்தரங்கமாக. இந்த இரட்டைக் கணக்கை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய தமிழ் நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை. அதற்காகவே பெருமாள்முருகனுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இது நம் நாட்டு விசித்திரம் மட்டும் அல்ல. ஸ்பெயின் தேசத்து லோர்க்கா எழுதிய 'யெர்மா' என்ற நாடகம் 1934 டிசம்பரில் மாட்ரிட் நகரத்தில் அரங்கேறியது. அதிலும் பிள்ளையில்லாத ஒரு குடியானவப் பெண். அதிலும் பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் கூடுகிற ஒரு மலைக்கோயில் திருவிழா. அதிலும் அந்தக் கூட்டத்துக்குள் நுழைகிற வாலிபர்கள். ஒரு கிழவி யெர்மாவுக்குத் தன் மகனையே காட்டுகிறாள். யெர்மா மறுத்துவிடுகிறாள். கடைசியில், எனக்குப் பிள்ளையே வேண்டியிருக்கவில்லை என்று சொல்கிற கணவனின் கழுத்தைத் தன் கையாலேயே நெரிக்கிறாள். திருச்செங்கோட்டுக்கும் ஸ்பெயினுக்கும் கடல்கள் குறுக்கே கிடக்கின்றன. ஆனாலும் ஆணின் குறையை மறைக்க இரண்டு மலைகளும் ஒரே மாதிரி இருட்டைத் தந்திருக்கின்றன.

சரி, காளியின் காலத்துக் குடியானவனுக்கு ஆய்வுக்கூடம் ஏது? அவனை நாம் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் என் கதை இன்றைய கதை. என் கதாநாயகன் கையில் செல்போன் வைத்திருக்கிறான். அவன் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடலாம். அவன் ஏன் போகவில்லை? போனால் கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். அது தவறு. போனால்தான் கதை தொடங்குகிறது.

எப்படி என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லவேண்டும். ஆரோக்கியமான இளந்தம்பதிக்கும் ஒரு மாதத்தில் கரு தங்குவதற்கு நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஒரு வருஷத்தில் நூறு தம்பதிகளில் எண்பது, எண்பத்தைந்து பேருக்குத் தங்கிவிடும். மிச்சமுள்ளவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த வருஷத்தில் தங்கலாம். ஆகையால்தான் 12 மாதம் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறார்கள் டாக்டர்கள். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே வரச் சொல்கிறார்கள். நம் ஊரிலோ கல்யாணமான மூன்றாம் மாதம் 'விசேஷம் உண்டா?' என்று கேட்கத் தொடங்கி, மூன்றாம் வருஷம் வரையில் டாக்டரிடம் போகாமல் இருப்பது வழக்கம். கேட்க வேண்டாத காலத்தில் கேட்டு, போகவேண்டிய காலத்தில் போகாமல் இருந்துவிடுகிறோம்.

ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கஷ்டத்தைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் கணக்குச் சொன்னது. இப்படி வருகிற தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம், தனியாகவோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ, ஆணிடத்திலும் குறை இருக்கிறது. தேடியும் காரணமே அகப்படாத தம்பதிகளும் கணிசமாக உண்டு. பெண்ணுக்குச் செய்கிற சோதனைகள் ஏராளம். மாதவிலக்கின் மூன்றாம் நாள் ஒரு ரத்தம், இருபத்தொன்றாம் நாள் ஒரு ரத்தம், தைராய்டுக்கு ஒன்று, கருமுட்டையின் கையிருப்புக்கு ஒன்று. முட்டை வளர்கிறதா, உடைகிறதா என்று ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று சாயம் செலுத்தி எக்ஸ்ரே. அந்தச் சாயம் ஏறும்போது அடிவயிற்றில் பிசைகிற வலியைப் பட்டவர்கள்தான் அறிவார்கள். ஆணுக்கோ முதலில் ஒரே சோதனை. இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை விலகியிருந்துவிட்டு, ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக் கொடுக்கவேண்டும். ஊசி கிடையாது, வலி கிடையாது. இருப்பதில் எளிய சோதனை அதுதான். ஆனால் அநேக வீடுகளில் கடைசியில் நடப்பதும் அதுதான்.

அந்தக் காகிதத்தில் வருகிற கணக்கும் ஒரு நாவலாசிரியனின் கவனத்துக்கு உரியது. ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 லட்சம் உயிரணுக்கள் இருந்தால் தாழ்ந்த எல்லை. நூற்றில் 42 அசைந்தால் போதும். நூற்றில் 4 சரியான உருவத்தோடு இருந்தால் போதும். நூற்றில் நாலு! மிச்சம் 96 கோணலாக இருந்தாலும் அவன் பூரண புருஷன்தான். இயற்கை ஆணிடம் எவ்வளவு தயவாக இருக்கிறது பாருங்கள். அதுவும் ஒரே காகிதத்தோடு தீர்ப்பு முடிந்துவிடுவதில்லை. உயிரணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகிறது. ஆகையால் குறைந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். குறுவை நெல்லின் வயதுக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை.

அதற்கு மேல் வைத்தியம். முட்டை சரியாக வெளிவராத பெண்களுக்கு, மார்பகப் புற்றுநோய்க்கென்று வந்த ஒரு மாத்திரையை ஐந்து நாள் கொடுத்து முட்டையை வரவழைக்கிறார்கள். கணவனின் உயிரணுக்களைக் கழுவிச் சுத்தம் செய்து கருப்பைக்குள் நேரே செலுத்துகிறார்கள். அதிலும் ஆகாவிட்டால் சோதனைக்குழாய். 1992ல் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வைத்தியர்கள் ஒரே ஓர் உயிரணுவை நுண்ணிய ஊசியால் முட்டைக்குள் செலுத்திப் பிறந்த குழந்தைகளைப் பற்றி அறிவித்தார்கள். கோடிக்கணக்கில் இல்லாதவனுக்கும் ஒன்று போதும் என்று ஆயிற்று. அந்த ஒன்றும் இல்லாதவர்களுக்கு, யாரென்று தெரியாத ஒருவனுடைய உயிரணு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் காத்திருக்கிறது. பதினாலாம் திருநாளின் பெயரில்லாத சாமி இப்போது வங்கியில் இருக்கிறார்; அவரைப் பற்றி 2021ல் பார்லிமெண்டு சட்டமும் செய்துவிட்டது. திருவிழாவில் ஒரு பெண் இருட்டில் அஞ்சி அஞ்சிச் செய்ததை, இன்று கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுச் செய்யலாம். இரண்டுக்கும் நடுவே என்ன மாறியிருக்கிறது, என்ன மாறவில்லை? இந்தக் கேள்விக்குப் பதிலாக எழுத வேண்டிய தமிழ் நாவல் இன்னும் என் கண்ணில் படவில்லை.

விஞ்ஞானம் கதைக்குள் வரவே கூச்சப்படுகிறது என்பதற்கு வேறோர் உதாரணம் சொல்கிறேன். உலகத்தின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தது. அதற்குப் பிறகு எழுபது நாளில், அக்டோபர் 3ந் தேதி, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவரை யாரும் நம்பவில்லை. அரசாங்கம் போட்ட கமிட்டி எள்ளி நகையாடியது. 1981 ஜூனில் அவர் தற்கொலை செய்துகொண்டார். பல வருஷம் கழித்து, 1986ல் பம்பாயில் பிறந்த குழந்தையால் புகழ் பெற்ற விஞ்ஞானிகளில் ஒருவரான ஆனந்தகுமார், 1997ல் முகர்ஜியின் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, முதல்வர் அவர்தான் என்று தாமே முன்வந்து சொன்னார். தம் கிரீடத்தைத் தாமே கழற்றி இன்னொருவர் தலையில் வைக்கிறவர்கள் விஞ்ஞானத்திலும் அபூர்வம், இலக்கியத்தில் அதைவிட அபூர்வம்.

முகர்ஜியின் துயரத்தை ரமாபத சௌதுரி 'அபிமன்யு' என்று வங்காளியில் எழுதினார். அதை வைத்து 1990ல் தபன் சின்ஹா ஓர் இந்திப் படம் எடுத்தார். நல்ல படம். ஆனால் அந்தப் படத்து டாக்டர் கண்டுபிடிப்பது குஷ்டரோகத்துக்குத் தடுப்பு மருந்து! பிள்ளைப்பேற்றைவிடக் குஷ்டரோகத்தைச் சபையில் பேசுவது கௌரவம் என்று ஆகிவிட்டதோ என்னவோ. எங்கும் டாக்டரின் கதை இருக்கிறது. அவரிடம் போன பெண்ணின் கதை, அவளோடு போன, அல்லது போகாத, கணவனின் கதை எங்கே?

நான் பின்னால் சொல்வதாக வைத்த காரணத்துக்கு இப்போது வருகிறேன். இனியும் தள்ளிப்போட்டால் நானும் மற்றவர்களைப் போலப் போர்வை போர்த்தியவன் ஆவேன்.

அந்தக் கதையை எழுதுவதற்கு முன்னால், நானும் என் மனைவியும் நாலு வருஷம் இதே பாதையில் நடந்தோம். முதல் எட்டு மாதம் அவளுக்குத்தான் எல்லாம். எத்தனை ஊசி, எத்தனை ஸ்கேன் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அவள் வைத்திருந்தாள். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்த அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நான் ஒரு பிரெஞ்சு நாவலின் மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரொம்ப வலிச்சுதா?" என்றேன். "நாவல் எப்படி இருக்கு?" என்றாள். அந்தக் கேள்வியில் இருந்ததை அன்று நான் புரிந்துகொள்ளவில்லை.

எட்டாம் மாதம் ஒரு புது டாக்டரம்மாள் காகிதக் கட்டைப் புரட்டிவிட்டு, "சாருடைய ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார். இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு டப்பாவைக் கொடுத்து ஒரு அறையைக் காட்டினார்கள். தாழ்ப்பாள் சரியாக விழாத அறை. ஒரு மணி நேரம் கழித்துக் கவுண்டரில் இருந்த பையன் என் பெயரை உரக்கக் கூப்பிட்டான். தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு போனேன். எட்டு மாதமாக அவள் பெயரை அதே இடத்தில் உரக்கக் கூப்பிட்டார்கள். அப்போது நான் பார்த்ததில்லை. காகிதத்தில் இருந்த எண் கோடியை எட்டவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்ததிலும் எட்டவில்லை. அவளுடைய காகிதங்களில் குறை ஒன்றும் இல்லை.

அதற்கு அடுத்த வருஷம்தான் அந்தக் கதையை எழுதினேன். குறையை அவளுக்கு மாற்றி எழுதினேன். என்னை உத்தமனாக்கி, "எனக்கு நீ போதும்" என்கிற வசனத்தையும் எனக்கே கொடுத்துக்கொண்டேன். உண்மையில் அந்த வார்த்தையைச் சொன்னவள் அவள். பத்திரிகை வந்ததும் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தாள். "எப்படி?" என்றேன். "பொத்தான் தைக்கிற இடம் நல்லா இருக்கு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நாற்பது பேர் பாராட்டிய கதைக்கு வந்த முதல் விமர்சனம் அதுதான்; சரியான விமர்சனமும் அதுதான். வலங்கைமான் கடிதம் அதையே விரித்துச் சொன்னது.

கதையில் பொய் சொல்லலாம். கதையே ஒரு பொய்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த இடத்தில் பொய் சொல்கிறோம் என்பதில்தான் எழுத்தாளனுடைய யோக்கியதை இருக்கிறது. பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம். வலியையும் பழியையும் ஒருவர் தலையிலிருந்து எடுத்து இன்னொருவர் தலையில் வைத்துவிட்டு அதற்குக் கற்பனை என்று பெயர் சொல்லக்கூடாது.

அந்த அம்மாளைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. பங்குனி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கும்பகோணத்தில் பஸ் ஏறினேன். சீனிவாச சாஸ்திரியார் பிறந்த ஊர். வெடிக்கும் வாணத்துக்கும் பேர் போன ஊர். அன்று மாரியம்மன் கோயிலில் பாடைக்காவடித் திருவிழா. பிழைக்கமாட்டோம் என்று இருந்து பிழைத்தவர்கள் வேண்டுதல் செலுத்துகிற நாள். பச்சை மூங்கிலில் பாடை கட்டி, பிணத்தைப் போலவே கைகால் கட்டிப் படுக்கவைத்து, முன்னால் தீச்சட்டியும் பறையுமாகத் தூக்கி வருகிறார்கள். கோயில் வாசலில் இறக்கித் தீர்த்தம் தெளித்து எழுப்புகிறார்கள். எழுந்தவன் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போகிறான்.

கூட்டத்தைக் கடந்து வீட்டைக் கண்டுபிடித்தேன். திண்ணையில் அந்த அம்மாள், பக்கத்தில் அவருடைய கணவர். எழுபதுக்கு மேல் இருக்கும். நான் பெயரைச் சொன்னதும் அம்மாள் சிரித்தார். "வாங்க தம்பி. சண்டைக்கு வந்தீங்களா?" என்றார். "இல்லேம்மா, ஒப்புக்கொண்டு போக வந்தேன்" என்றேன். மோர் கொடுத்தார்கள். திருக்கருகாவூர்ப் பக்கம் பேச்சு போயிற்று. கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நெய்யால் படி மெழுகிக் கோலம் போட்டதையும், கொடுத்த நெய்யை 48 நாள் சாப்பிட்டதையும் அம்மாள் சொன்னார். "கோயில்லேகூட ரெண்டு பேரும் சாப்பிடணும்னுதான் நெய் கொடுத்தாங்க. இவங்க பாதி நாள் சாப்பிடலே" என்றார். கோயில் என்னைவிடவும் என் கதையைவிடவும் எவ்வளவோ முன்னால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியவர் அதுவரை பேசவில்லை. தெருவில் ஒரு பாடை போனது. அது தாண்டிப் பறைச் சத்தம் தேயும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அவளுக்கு ஒண்ணும் இல்லே தம்பி. குறை எனக்குத்தான். ஒம்பது வருஷம் டாக்டர்கிட்ட போகமாட்டேன்னு இருந்தேன். போயி தெரிஞ்ச பிறகும் இருபது வருஷம் யார்கிட்டயும் சொல்லலே. அத்தனை வருஷமும் வளைகாப்புக்கு இவளை யாரும் முன்னால நிக்க விடலே. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க." பிறகு தெருவைக் காட்டி, "உசிருக்கு வந்த நோயை ஊரறியப் பாடையில ஏத்திக் காட்டுறோம். இதைச் சொல்லத்தான் வாய் வரலே" என்றார்.

அம்மாள் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் கதையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதினேன். திருத்தி எழுதலாமே என்றார் அவர். திருத்த முடியாது. அது வேறு கதை. அதில் அரசமரம் வரலாம், ஜாதகம் வரலாம், மாமியாரும் வரலாம். ஆனால் காலண்டரில் வட்டமிட்ட தேதிகள் வரவேண்டும். விலக்கான அன்று காலையில் குளியலறையிலிருந்து வெளியே வருகிற முகம் வரவேண்டும். நகை அடகு வைத்த சீட்டு வரவேண்டும். தாழ்ப்பாள் விழாத அறை வரவேண்டும். முக்கியமாக, கணவன் தன் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்த் தன் அம்மாவிடம் வாய் திறந்து சொல்கிற ஒரு பக்கம் வரவேண்டும். அந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாலாவது தடவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் உங்களுக்குக் குழந்தை பிறந்ததா, இல்லையா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். கல்யாண வீட்டுப் பந்தியில் எங்களைக் கேட்டவர்களும் அதைத்தான் கேட்டார்கள். பிள்ளை பிறந்தால் மங்களம், பிறக்காவிட்டால் சோகம் என்று இரண்டே முடிவுகளை வைத்துக்கொண்டு எழுதுவதனாலும் படிப்பதனாலும்தான், நடுவில் கிடக்கிற அத்தனை மாதங்களும் நம் இலக்கியத்தில் காணாமற் போயின. அந்த மாதங்களை எழுதி முடித்த பிறகு பதில் சொல்கிறேன். முதல் பிரதியை வலங்கைமானுக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கும் முன்னால் என் மனைவி படிக்கவேண்டும். இந்தத் தடவை, பொத்தான் தைக்கிற இடம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் அவள் சொல்லிவிடக்கூடாதே என்பதுதான் என் கவலை.